பழைய போன் வாங்கப் போகிறீர்களா? முதலில் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன்பு, இணையத்தில் விளம்பரம் பார்த்து, குரோம்பேட்டையில் ஒருவரிடம் 9,500 ரூபாய்க்கு ஒரு டேப் (டேப்லெட்) வாங்கினேன். 'புதுசு மாதிரி இருக்கும், ஒரு கீறல் கிடையாது' என்று போட்டிருந்தார். கீறல் உண்மையிலேயே இல்லை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் படம் ஓடியதும் திரை தன்னைத்தானே அழுத்திக்கொள்ளத் தொடங்கியது. நான் தொடாமலே ஆப்கள் திறந்தன, மூடின. சூடானால் பேய் பிடிக்கும், ஆறினால் சாதுவாகிவிடும். கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க பார்த்துத்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. திரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் தானாகச் சொல்லவில்லை. பேசியதெல்லாம் போனில்தான் என்பதால், என்ன பேசினோம் என்பதற்கும் ஒரு துண்டு ஆதாரம் இல்லை.

அதற்கப்புறம் ஒரு வாஷிங் மெஷின், இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு ஸ்கூட்டர் எல்லாம் பழசாகத்தான் வாங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை, முதல் தடவை வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். போனைப் பற்றி அதிகம் இருக்கும். எல்லோரும் வாங்குவதும் அதுதான், எல்லோரும் ஏமாறுவதும் அதில்தான்.

சட்டம் உங்களுக்கு எவ்வளவு தூரம் வரும்

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய பொருள் கெட்டுப்போனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதே நினைப்பில் தனி ஆளிடமும் வாங்கிவிடுகிறோம். அங்கே நிலைமை வேறு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வியாபாரிகளையும் சேவை தருபவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரே ஒரு போனை விற்கிறவர் வியாபாரி ஆகிவிட மாட்டார். 2020இல் வந்த மின்வணிக விதிகளும் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன: தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ இல்லாமல், தனிப்பட்ட முறையில் ஒருவர் விற்பதற்கு அந்த விதிகள் பொருந்தாது. விளம்பரம் வந்த ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களோ, இப்படி நேரில் நடக்கும் விற்பனையைப் பொறுத்தவரை அறிவிப்புப் பலகை மாதிரிதான். பலகையில் ஒட்டிய நோட்டீசுக்குப் பலகைக்காரரைப் பிடிக்க முடியாது.

மிஞ்சுவது இரண்டு பழைய சட்டங்கள். ஒன்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், இன்னொன்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். இவை தனி ஆளுக்கும் பொருந்தும். ஆனால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, பொருள் தரமாக இருக்கும் என்ற உத்தரவாதம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது என்கிறது. அதற்கான விதிவிலக்குகள் பெரும்பாலும் அந்தச் சரக்கையே தொழிலாக விற்பவர்களுக்கானவை. பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் வேலை, அவ்வளவுதான்.

அப்படியானால் பிடி எங்கே இருக்கிறது? 15ஆவது பிரிவில். ஒரு பொருளை விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியிருக்க வேண்டும். 'டிஸ்ப்ளே மாற்றியதில்லை' என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, மாற்றிய டிஸ்ப்ளேயோடு கொடுத்தால் மாட்டிக்கொள்வார். 14ஆவது பிரிவும் உதவும்: விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். திருட்டுப் பொருளையோ கம்பெனிப் பொருளையோ விற்றுவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று நழுவ முடியாது.

ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில்தான் என் டேப் கதை இருக்கிறது. வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது அது. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் மோசடி. ஆக, நீங்கள் கேட்காத வரைக்கும் அவர் மௌனம் அவருக்குப் பாதுகாப்பு. கேட்டுவிட்டால், அவர் தரும் பதில் உங்களுக்குப் பாதுகாப்பு. அந்தப் பதில் எழுத்தில் இருந்தால்தான் பின்னால் காட்ட முடியும். கீழே நான் சொல்வதில் பாதி, இந்த ஒன்றைச் செய்துமுடிக்கும் வழிதான்.

விளம்பரத்தைப் பார்த்தவுடன்

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விலை, விவரம், படங்கள், போட்டவர் பெயர், தேதி எல்லாம் வர வேண்டும். பொருள் விற்றதும் பலர் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள்; கெட்ட எண்ணம் இல்லாமலும் அழிப்பார்கள். அழிந்தால் உங்கள் 15ஆவது பிரிவும் அதோடு போய்விடும்.

அடுத்து, அவருடைய பக்கத்துக்குப் போய் வேறு என்ன விற்கிறார் என்று பாருங்கள். 'வெளிநாட்டுக்குப் போகிறேன், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது' என்று சொல்கிறவர் பக்கத்தில் பதினான்கு போன் விற்பனைக்கு இருந்தால், அவர் ஆள் வேஷத்தில் இருக்கும் கடை. உடனே ஓடிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் என்றால் நுகர்வோர் சட்டம் அவர்மேல் பாயும், அது உங்களுக்கு நல்லதுதான். அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் வாங்குவது போல பில் கேளுங்கள். முதல் வார்த்தையிலேயே பொய் சொன்னவரிடம் வாங்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் வாங்குவதில்லை.

படங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கம்பெனி வெளியிட்ட பளபளப்பான படம் மட்டும் இருந்தால், பொருளைத் திரை எரியும் நிலையில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பச் சாக்கு சொன்னால் விஷயம் முடிந்தது.

கேள்விகளை எழுதி அனுப்புங்கள்

'லாஸ்ட் எவ்ளோ?' என்று தொடங்காதீர்கள். விற்கிறவருக்கு அது எரிச்சல், உங்களுக்கும் அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'வணக்கம் அண்ணா. உங்கள் போன் விளம்பரம் பார்த்தேன், வாங்குகிற எண்ணம் உண்டு. வருவதற்கு முன் சில விஷயம் மட்டும் சொல்லுங்கள். நீங்கள்தான் முதல் ஓனரா? பில், பாக்ஸ் இருக்கிறதா? தவணையில் வாங்கியதா, முடிந்துவிட்டதா? டிஸ்ப்ளே, பேட்டரி ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா? தண்ணீரில் விழுந்ததா? சர்வீஸுக்குத் திறந்திருக்கிறார்களா? சூடாவது, நெட்வொர்க் போவது, டச் பிரச்சினை, திரையில் கோடு ஏதாவது உண்டா?'

நாக்கு நுனியில் வரும் பதில், 'எல்லாம் சூப்பரா இருக்கு, நேர்ல வந்து பாருங்க' என்பதுதான். அதை பதிலாக ஏற்காதீர்கள். 'சரி அண்ணா, டிஸ்ப்ளே மட்டும் ஒரிஜினல்தானே?' என்று ஒன்றை மட்டும் பிரித்துக் கேளுங்கள். 'ஆமா' என்ற இரண்டெழுத்து எழுத்தில் வந்தால் போதும். போனில் கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்ததும் 'டிஸ்ப்ளே மாற்றவில்லை, தவணை பாக்கி இல்லை என்று சொன்னீர்கள், சாயங்காலம் 5 மணிக்கு வருகிறேன்' என்று ஒரு வரி தட்டிவிடுங்கள். மறுக்காமல் 'ஓகே' போட்டால் அதுவும் பதில்தான்.

இவ்வளவு கேட்டால் விற்கிறவர் கோபித்துக்கொள்வாரே என்று தோன்றும். என் அனுபவத்தில், நேர்மையானவர்கள் தேவைக்கு மேலேயே சொல்வார்கள். 'பேட்டரி போன வருஷம் மாத்தினேன், பவர் பட்டன் கொஞ்சம் டைட்டா இருக்கும்' என்று குறையைச் சொல்கிறவரிடம் நான் ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

முன்பணம் கேட்டால்

கொடுக்காதீர்கள். 'நிறையப் பேர் கேக்கறாங்க, ரெண்டாயிரம் டோக்கன் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்' என்பதில் சில சமயம் உண்மை இருக்கலாம். இருந்தாலும், பார்க்காத பொருளுக்குப் போன பணம் போனதுதான்.

ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, பொருளைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் செய்திகள் இந்தியா முழுக்கப் பழகிப்போன ஏமாற்று. அட்டையில் உள்ள மனிதருக்கும் செய்தி அனுப்புகிறவருக்கும் சம்பந்தம் இருக்காது. அதே போல, பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றால், உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை.

எங்கே பார்ப்பது

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்றால் அவர் வீட்டில், பிளக்கில் மாட்டி ஓடும்போது. போன், லேப்டாப் என்றால் எனக்குப் பிடித்த இடம், பழக்கமான சர்வீஸ் கடை. நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு கடைத் தம்பி பார்க்கும் ஐந்து நிமிடப் பார்வை, நாம் யூடியூப் பார்த்துக் கற்ற ஒரு மணி நேரத்துக்குச் சமம். விளிம்பில் பசை தெரிவதை வைத்தே 'அண்ணே, இது காம்போ மாத்தினது' என்று சொல்லிவிடுவார். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம். விற்கிறவர் கடைக்கு வர மறுத்தால், பகலில், மின் பிளக் இருக்கும் ஏதாவது டீக்கடை அல்லது பேக்கரியில் பாருங்கள். ரயில் நிலைய வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறவரை அப்படியே ரயிலேற்றிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

போனைச் சோதிப்பது

முதல் வேலை ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். *#06# என்று டயல் செய்தால் 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். அது பாக்ஸிலும் பில்லிலும் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கம் என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் இன்னொரு மாடல் என்றாலோ, முடக்கப்பட்ட எண் என்று வந்தாலோ, போனைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: போனைப் பறிகொடுத்தவர் இன்னும் புகார் தராமல் இருக்கலாம். இன்று சுத்தமாக இருக்கும் எண் அடுத்த வாரம் முடக்கப்படலாம். அதனால்தான் பில் முக்கியம். பில்லில் வேறு பெயர் இருந்தால் அது யார் என்று கேளுங்கள். பில்லும் இல்லை, விலையும் பாதிக்குப் பாதி என்றால், வாங்கிய நீங்கள் ஸ்டேஷனில் பதில் சொல்லும் நிலை வரலாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் விடுவதில்லை.

இரண்டாவது, பூட்டு. அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிட்டு ரீசெட் செய்து, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்புத் திரை வரும் வரை நீங்களே அமையுங்கள். பாதியில் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால், அதை அவர் போடாதவரை அது வெறும் செங்கல். இணையத்தோடு இணைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தவணையில் வாங்கிய பல போன்களில் கடன் கொடுத்தவர்களின் பூட்டு இருக்கும். ரீசெட் செய்தாலும் இணையம் வந்ததும் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். தவணை தவறினால் அடுத்த மாதம் உங்கள் கையில் இருக்கும்போது பூட்டிக்கொள்ளும். 'ஆஃபீஸ் போன்' என்பதிலும் இதே கதைதான்.

மூன்றாவது, திரை. வெளிச்சத்தை முழுதாக வைத்து ஒரு வெள்ளைப் படம், அப்புறம் ஒரு கறுப்புப் படம் திறந்து பாருங்கள். கோடு, கறை, ஓரத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். அமோலெட் திரைகளில் மெல்லிய பச்சைக் கோடு வந்துவிட்டால் டிஸ்ப்ளேயை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு ஆப் சின்னத்தை விரலால் பிடித்து, மூலை முடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டே போங்கள். நடுவில் கைநழுவும் இடத்தில் டச் செத்திருக்கிறது. சாம்சங் போன் என்றால் *#0*# டயல் செய்தால் பல மாடல்களில் சோதனைப் பக்கமே திறக்கும்.

நான்காவதாகச் சொல்வதுதான் என் 9,500 ரூபாய்க்குக் கிடைத்த பாடம்: சூடாக்கிப் பாருங்கள். வெளிச்சம் முழுதாக, கேமராவில் வீடியோ பதிவு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். மதர்போர்டு கோளாறு, டச் கோளாறு, பலவீனமான பேட்டரி மூன்றுமே சூட்டில்தான் முகத்தைக் காட்டும். அந்த நேரத்தில் விற்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பேச்சுக் கொடுத்தால் போனைப் பற்றியும் ஏதாவது சொல்வார். பதினைந்து நிமிடத்தில் பேட்டரி 80இலிருந்து 60க்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

மீதியெல்லாம் விறுவிறுவென்று: உங்கள் சிம்மை இரண்டு இடத்திலும் போட்டுக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஸ்பீக்கர், மைக், கேமராக்கள், கைரேகை, வைஃபை, உங்கள் சார்ஜரில் சார்ஜ் ஏறுகிறதா என்பது. பல மாடல்களில் சிம் தட்டு இருக்கும் துளைக்குள் டார்ச் அடித்தால் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். சிவந்திருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது. ஐபோனில் பேட்டரி ஆரோக்கியம் அமைப்புகளிலேயே இருக்கிறது. ஐஓஎஸ் 15.2 முதல், மாற்றிய பாகங்களின் விவரத்தையும் 'அபௌட்' பக்கத்தில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

லேப்டாப், பைக், வீட்டுச் சாமான்

லேப்டாப்பில் நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல, அது யாருடையது என்பதை. வேலையை விட்டவர் திருப்பித் தராத கம்பெனி லேப்டாப்பும் சில சமயம் விற்பனைக்கு வந்துவிடும். அடிப்பக்கத்தில் சொத்து எண் ஒட்டியிருந்த தடம், ரீசெட் செய்ததும் ஏதோ நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்பது, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) பாஸ்வேர்டு, இதில் எது இருந்தாலும் வேண்டாம். அப்புறம் கீல், எல்லா விசைகளும் பாருங்கள், சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

பைக், ஸ்கூட்டர் என்றால், 'நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய வண்டி சுலபமாகக் கிளம்பாது என்பதை மறைக்கிறாரோ என்று சந்தேகப்படலாம். வண்டியை விடக் காகிதம்தான் அதிகம் கடிக்கும். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் குறிப்பு எல்லாம் பாருங்கள். பாக்கி அபராதத்தை ஈ-சலான் தளத்தில் பாருங்கள். சேசிஸ் எண்ணை வண்டியிலேயே தேடிப் படியுங்கள். கடன் குறிப்பு இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் ஆட்சேபனை இல்லாச் சான்றும் (என்.ஓ.சி.), கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35உம் இல்லாமல் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். 'ஓப்பன் ஃபார்ம்' என்று தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கைமாறி வரும் வண்டி, நாலாவது ஆளிடம் வந்தாலும் ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரில்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறும் வரை விபத்து நடந்தால் ஆர்.சி.யில் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்கிறவரிடம் இதை எடுத்துச் சொன்னால், அவரே ஆர்.டி.ஓ. ஆஃபீசுக்குக் கூட வருவார்.

ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றில் ஒரே விதி: ஓடுவதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 'பேக் பண்ணிட்டோம், நாளைக்கு வீடு காலி' என்பது குறையை மறைக்க நல்ல சாக்கு. வாஷிங் மெஷின் என்றால் டிரம்மைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது.

பணம் கொடுக்கும்போது

சோதனை முடிந்த பிறகு, அங்கேயே, அவர் பெயரில் உள்ள கணக்குக்கு. யூபிஐயில் குறிப்பு எழுதும் இடத்தில் மாடல் பெயரை எழுதுங்கள். அதுவே பாதி ரசீது. 'மச்சான் நம்பருக்கு அனுப்புங்க' என்றால் ஏன் என்று கேளுங்கள். ரொக்கம் என்றால் கையெழுத்து வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

'இன்ன தேதியில், இன்ன மாடல், இன்ன ஐஎம்இஐ எண் கொண்ட கைபேசியை இவருக்கு இவ்வளவு ரூபாய்க்கு விற்றேன். இது என் சொந்தப் பொருள். இதன்மீது கடனோ தவணையோ பாக்கி இல்லை. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றப்படவில்லை. எனக்குத் தெரிந்த குறைகள்: ______'

கடைசி வரிதான் வேலை செய்யும். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்காரும்போது, 'ஆங், சொல்ல மறந்துட்டேன்' என்று ஒன்று வரும். எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. காகிதம் வேண்டாம் என்று கூச்சப்பட்டால் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' வாங்குங்கள். 'உள்ளது உள்ளபடி', அதாவது குறை இருந்தாலும் அப்படியே ஏற்கிறேன் என்று அவர் எழுதச் சொன்னால், அது உங்கள் பிடியைத் தளர்த்தும். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போனால்

முதலில், திறக்காதீர்கள். தெருமுனைக் கடையில் கொடுத்துப் பிரித்துவிட்டால், 'நீங்க பிரிச்சதுல போயிருக்கும்' என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும். கோளாறை வீடியோ எடுங்கள். பிறகு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, என்ன கோளாறு, எவ்வளவு செலவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கோளாறு தெரிந்த அன்றைக்கே அவருக்குச் செய்தியும் அனுப்புங்கள். தாமதித்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு பொருளைத் திருப்பித் தரும் உரிமை பொதுவாகப் போய், நஷ்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். கோபத்தில் எழுதாதீர்கள். 'அண்ணா, நேற்று வாங்கிய வாஷிங் மெஷின் ஸ்பின்னில் நின்றுவிடுகிறது, வீடியோ அனுப்பியிருக்கிறேன். மோட்டாரில் பிரச்சினை இல்லை என்று 12ஆம் தேதி எழுதியிருந்தீர்கள். சர்வீஸில் 3,200 என்கிறார்கள். எப்படிச் செய்யலாம்?' இதுதான் நான் அனுப்பியது. ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள், 'பாதி நான் தரேன் தம்பி' என்று 1,600 அனுப்பிவிட்டார். முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று நின்றிருந்தால் அதுவும் வந்திருக்காது. தனி ஆட்களிடம் செலவில் பாதி கேட்பதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது.

பதிலே இல்லை என்றால், முகவரி தெரிந்த பட்சத்தில், கெடு குறித்து ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். தொகை பெரிதென்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மேல் சிவில் வழக்கு; அதற்கு மூன்று வருடக் கெடு உண்டு. ஆனால் பத்தாயிரம் ரூபாய் போனுக்காக யாரும் படியேற மாட்டார்கள், நானும் ஏறவில்லை. வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. இலவசச் சட்ட உதவி எண் 15100.

போலீஸ் எப்போது? பொருள் கெட்டுப்போனதற்காகப் போனால் 'இது சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் அது சரிதான். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால், அதாவது திருட்டுப் போன், போலிப் பில், ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்றது என்றால், அது நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வரும் மோசடி. மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மட்டும் போய்ப் பொருள் வராத இணைய ஏமாற்று என்றால் ஸ்டேஷனைத் தேடி அலையும் முன் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் உண்டு, மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. விற்றவர் உண்மையில் கடைக்காரர் என்று தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். புதுப் போனுக்கு மாறும்போதும் பழையதை வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம். அப்புறம், அவர் படத்தையும் நம்பரையும் போட்டுத் 'திருடன்' என்று குரூப்பில் பரப்புவதும், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பதும் வேண்டாம். வழக்கு உங்கள்மேல் திரும்பிவிடும்.

என் டேப் என்ன ஆயிற்று என்றால், இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது. பிறகு 'சூடானால் டச் தானாக அடிக்கும், பாகங்களுக்கு மட்டும்' என்று போட்டு 1,800 ரூபாய்க்கு விற்றேன். மடிப்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வாங்க வந்தான். வருவதற்கு முன்னால் அவனிடமிருந்து வந்த முதல் செய்தியில் விலையைப் பற்றி எதுவும் இல்லை. 'அண்ணா, காம்போ ஒரிஜினலா, மாத்தினதா? போர்டுல யாராச்சும் கை வச்சிருக்காங்களா? இங்கயே டைப் பண்ணி அனுப்பிடுங்க' என்று இருந்தது.